அரிய மோட்டார் சைக்கிளுக்கு உதிரிபாகம் வரவழைத்தல்: டர்பன் ஓட்டுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி இத்தாலியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் உருவானது. நம் நாட்டில் மிகக் குறைவாகவே ஓடும் எந்த வண்டிக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும் என்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. என் வண்டிக்கும், உதவி கேட்டு வரும் நண்பர்களின் வண்டிகளுக்கும் பல ஆண்டுகளாகப் பாகங்களை வரவழைத்து வருகிறேன். ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வைப்பது என் வழக்கம்.

அந்தக் குறிப்புகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தாமதம் என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு காத்திருப்புகள் இருக்கின்றன: சரியான பாக எண்ணைக் கண்டுபிடிக்கும் வரை, அந்தப் பாகம் ஏதாவது ஒரு கிடங்கில் கிடைக்கும் வரை, அது பயணம் செய்து வரும் வரை, சுங்கத்தைக் கடக்கும் வரை. தொழிற்சாலை எப்போது அந்தப் பாகத்தைச் செய்யும் என்பது நம் கையில் இல்லை. முதல் காத்திருப்பு முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது. கடைசிக் காத்திருப்பின் பெரும்பகுதியும் அப்படித்தான். புதியவர்கள் வாரக்கணக்கில் நேரத்தை இழப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

1. பாகம் கைக்கு வரும் வரை வண்டியைப் பிரிக்க வேண்டாம்

இது முதல் படி. அடிக்கடி மீறப்படும் படியும் இதுவே. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் ஓர் இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, கியர்பாக்ஸக் கழட்டி வெச்சிட்டேன், இப்ப என்னென்ன ஆர்டர் பண்ணணும்?" என்று கேட்டார். ஆயில் சீல் ஒன்றில் இலேசாகக் கசிவு இருந்ததுதான் குறை. மறுநாள் போய்ப் பார்த்தபோது எல்லாப் போல்ட்டுகளும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்து கிடந்தன. சீல் வந்து சேர்ந்து திரும்பப் பூட்டும் நேரத்தில், குட்டைப் போல்ட் போக வேண்டிய துளையில் நெட்டைப் போல்ட் இறங்கி அலுமினிய உறையில் விரிசல் விழுந்தது. சீலுக்காகக் காத்திருந்தவர் அதன் பிறகு உறைக்காகக் காத்திருந்தார்.

பிரிக்காத வண்டியைத் தள்ளலாம், பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) ஏற்றலாம், சிறு கசிவாக இருந்தால் எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டவும் செய்யலாம். பிரேக், சக்கரப் பேரிங், பெட்ரோல் கசிவு, ஸ்டியரிங் ஆகியவற்றில் குறை இருந்தால் மட்டும் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். அப்போதும் பிரிக்காமலே நிறுத்த வேண்டும்.

திறந்து பார்க்காமல் குறை தெரியாது என்ற நிலை வந்தால் திறக்கலாம். ஆனால் அன்றைக்கே படமெடுத்து, அளந்து, குறித்துக்கொண்டு தளர்வாகவாவது திரும்பப் பூட்டிவிடுங்கள். மூடியின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தால் பிறகு குழப்பமே வராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், புரி இடைவெளி அளக்கும் கேஜ், அந்த மாடலுக்குரிய பட்டறைக் கையேடு, பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடங்களுடன் கூடிய பாகப் பட்டியல், வண்டியின் பதிவுச் சான்று. பாகப் பட்டியல் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

2. சேஸிஸ் எண்ணை வண்டியிலிருந்து படியுங்கள்

ஸ்டியரிங் தலைப்பகுதியில் பொறித்திருக்கும் 17 எழுத்துகள் கொண்ட எண்ணை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ மூன்றும் இந்த எண்ணில் பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே வட்டமாகத் தெரிவது சுழியம், நேர்கோடாகத் தெரிவது ஒன்று. எஞ்சின் எண்ணையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

பதிவுச் சான்றில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி ஆர்டர் செய்யக் கூடாது. அது வண்டி முதலில் பதிவான ஆண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஆண்டு அதற்கு முந்தியதாக இருக்கலாம். சிறு நிறுவனத்தின் வண்டி கடையில் ஓர் ஆண்டுக்கு மேல் நின்ற பிறகும் விற்பனையாவதுண்டு. என் வண்டி 2014-இல் பதிவானது. அந்த ஆண்டுக்குரிய எஞ்சின் மூடி கேஸ்கெட்டை (மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் தகட்டை) வரவழைத்து மூடியின் மேல் வைத்துப் பார்த்தேன். விளிம்பு முழுவதும் அழகாகப் பொருந்தியது. ஆனால் கேஸ்கெட்டின் ஒரு துளைக்குக் கீழே துளையே இல்லாத வெறும் உலோகம் தெரிந்தது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, போல்ட் போக வேண்டிய துளையைக் கேஸ்கெட் மூடிக்கொண்டிருந்தது. வண்டி 2013-இல் செய்யப்பட்டது. இடையில் வார்ப்பு மாறியிருந்தது. ஏழு வாரக் காத்திருப்பு அப்படியே வீணாயிற்று.

பாகப் பட்டியலைப் படிக்கும்போது மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வரைபடத்தில் பாகத்தின் அருகே உள்ள 14, 15 போன்ற வரிசை எண்ணைப் பாக எண்ணாக எடுத்துக்கொள்வது முதலாவது. "இந்தச் சேஸிஸ் எண் முதல்" என்று சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைத் தாண்டிச் செல்வது இரண்டாவது. இடப்புறமும் வலப்புறமும் மாறிப்போவது மூன்றாவது: இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவரின் இடமும் வலமும்தான் பட்டியலில் சொல்லப்படுகின்றன, வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருடையவை அல்ல.

3. எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

பட்டியலில் கண்ட எண் இப்போது வழக்கில் இல்லாமல் இருக்கலாம். நிறுவனம் பாகத்தைத் திருத்தும்போதோ, அதைச் செய்து தருபவரை மாற்றும்போதோ பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் வரும். பழைய எண்ணைத் தேடி "கிடைக்காது" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்குப் பலமுறை புதிய எண்ணில் அதே பாகம் கிடைத்திருக்கிறது. குறைந்தது இரண்டு விற்பனையாளர்களின் பட்டியலில் எண்ணைத் தேடிப் பாருங்கள். புதிய எண் வந்திருந்தால், அதனுடன் வேறு போல்ட்டோ வாஷரோ கூடவே மாற்ற வேண்டுமா என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், கையில் புதிய பாகம் இருந்தும் பூட்ட முடியாமல் இரண்டாவது ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

4. ஊரிலேயே கிடைப்பதைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இந்தப் படி அதிக நாள்களை மிச்சப்படுத்தும். சிறு நிறுவனம் எதுவும் தன் பேரிங்கையோ ஸ்பார்க் பிளக்கையோ தானே செய்வதில்லை; உலகப் பொது அளவுகளில் வருபவற்றை வாங்கித் தன் எண்ணை ஒட்டித் தருகிறது. அந்தப் பொது அளவைக் கண்டுபிடித்துவிட்டால் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டிய பாகம் டர்பனில் உள்ள பேரிங் கடையில் அன்றைக்கே கிடைக்கும்.

பேரிங்கின் விளிம்பில் பொறித்துள்ள எண்ணைப் படியுங்கள். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை ஐந்தால் பெருக்க உள்விட்டம் வரும். 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியமானவை. 2ஆர்எஸ் என்பது இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது என்பதையும், சி3 என்பது உள்ளே வழக்கத்தை விடக் கூடுதலான இடைவெளி உள்ளது என்பதையும் குறிக்கும். சூடேறும் எஞ்சினுக்குள் சி3 இருந்த இடத்தில் சாதாரண இடைவெளி கொண்டதைப் போட்டால் பேரிங் இறுகிப்போகும்.

ஆயில் சீலிலும் அளவு எழுதியிருக்கும். 30×40×7 என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசை. ரப்பரின் வகையையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் சூடான எண்ணெயில் இருக்கும் சீலுக்கும் தூசியைத் தடுக்க மட்டும் இருக்கும் சீலுக்கும் ரப்பர் வேறு.

ஸ்பார்க் பிளக்கின் குறியீட்டில் ஓர் எழுத்தையும் விடாதீர்கள். என்ஜிகே நிறுவனத்தின் வரிசையில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகையாகும், அதாவது வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். ஆர் என்ற எழுத்து உள்ளே மின்தடை இருப்பதைக் காட்டும். மின்னணு இக்னிஷன் உள்ள வண்டியில் தடை இல்லாத பிளக்கைப் போட்டுவிட்டுக் கணினியில் கோளாறு தேடுவது வீண் அலைச்சல்.

கிளட்ச் கேபிள் அறுந்தால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். வெளியுறையின் நீளம், உறைக்கு வெளியே தெரியும் கம்பியின் நீளம், இரு முனைகளிலும் உள்ள ஈயக் குமிழ்களின் வடிவம் ஆகியவை இருந்தால் கேபிள் செய்பவர் புதிதாகச் செய்து தருவார். பிரேக் ஹோஸும் ஹைட்ராலிக் கடைகளில் செய்யக் கிடைக்கும். ஆனால் மோட்டார் வாகன பிரேக்குக்கு உரிய ஹோஸ் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே புரி அளவில் கவனம் தேவை. ஜப்பானிய வண்டிகளில் ஹோஸ் முனைப் போல்ட் பெரும்பாலும் எம்10×1.25 (விட்டம் 10 மி.மீ., புரி இடைவெளி 1.25 மி.மீ.), பிரெம்போ போன்ற இத்தாலிய பிரேக்குகளில் பெரும்பாலும் எம்10×1.0. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தவறானதை வலுவந்தமாகத் திருகினால் பிரேக் காலிப்பரின் (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகத்தின்) புரியே சிதைந்துவிடும். அதன் பிறகு காலிப்பருக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

பிரேக் பேட், பிஸ்டன் சீல், ஸ்டியரிங் பாகங்கள் ஆகியவற்றில் மட்டும் "இதுவும் பொருந்தும்" என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். அவற்றுக்கு எத்தனை வாரம் ஆனாலும் காத்திருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

5. "ஸ்டாக் உண்டு" என்றால் எங்கே என்று கேளுங்கள்

ஒரு பாகம் விற்பனையாளரின் அலமாரியில் இருக்கலாம். நாட்டின் இறக்குமதியாளருடைய கிடங்கில் இருக்கலாம். ஐரோப்பாவில் நிறுவனத்தின் மையக் கிடங்கில் இருக்கலாம். எங்குமே இல்லாமல், செய்யப்பட வேண்டியவற்றின் வரிசையில் வெறும் பெயராக இருக்கலாம். நான்கையும் "வரும்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: பாகம் இப்போது எந்தக் கிடங்கில் உள்ளது? அங்கிருந்து எந்தத் தேதியில் புறப்படும்? புறப்படாவிட்டால் முன்பணம் எப்போது திரும்பும்? தொலைபேசியில் கேட்டால் அன்புடன் பதில் வரும், ஆனால் மூன்று வாரம் கழித்துக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இணையத்தில் வாங்கும்போது சட்டமும் துணை நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, வேறு காலம் ஒப்புக்கொள்ளப்படாத நிலையில், விற்பவர் 30 நாள்களுக்குள் ஆர்டரை நிறைவேற்ற வேண்டும். தவறினால் வாங்குபவர் ஏழு நாள் எழுத்து முன்னறிவிப்புக் கொடுத்து ஆர்டரை நீக்கிக்கொள்ளலாம். "வேறு காலம் ஒப்புக்கொள்ளப்படாத நிலையில்" என்பதைக் கவனியுங்கள். "8 முதல் 12 வாரம்" என்று ஆர்டர் பக்கத்தில் எழுதியிருந்து நீங்கள் ஏற்றிருந்தால் அதுவே ஒப்புக்கொண்ட காலமாகிவிடும்.

நாள்காட்டியையும் பாருங்கள். இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பல தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்படுகின்றன. நம் நாட்டில் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை பட்டறைகளும் கிடங்குகளும் ஓய்வில் இருக்கும். ஜூலை கடைசியில் போட வேண்டிய ஆர்டரை ஆகஸ்ட் முதல் வாரத்தில் போட்டால் ஒரு வாரத் தாமதம் ஒரு மாதமாக வளரும். ஈஸ்டருக்கு சானி பாஸ் மலைப்பாதையில் ஏற வேண்டும் என்றால் பாகம் பற்றிய பேச்சு நவம்பரிலேயே தொடங்க வேண்டும்.

6. எதைச் சேர்த்து, எதைத் தனியே வரவழைப்பது

பார்சல் ஒன்றுக்கு ஆகும் கூரியர் கட்டணமும் சுங்கக் கையாளல் கட்டணமும் சிறு பொருளுக்கும் பெரிய பொருளுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒரு வேலைக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். கிளட்ச் தட்டு வாங்கும்போது அந்த வழியில் திறக்கப்படும் ஒவ்வொரு கேஸ்கெட்டையும், நசுங்கும் செப்பு வாஷரையும், ஒருமுறை மட்டும் பயன்படும் நட்டையும் சேர்த்துவிடுங்கள். மறந்துபோன ஒரு வாஷரால் நின்ற வண்டிகள் பல.

ஆனால் விமானத்தில் ஆபத்தான சரக்காகக் கருதப்படுபவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். லித்தியம் பேட்டரி, பிசின், பெயின்ட், வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் முதலியவை அந்த வகையில் சேரும். அவற்றில் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் கூட வந்த கேஸ்கெட்டும் சேர்ந்து தடுத்து வைக்கப்படும். பேட்டரியையும் பிசினையும் உள்ளூரிலேயே வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய பாகங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பயன்படுத்திய பொருள்களை இந்நாட்டுக்குள் கொண்டுவர சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் வந்த பழைய காலிப்பர் சுங்கத்தில் நின்றுவிடும். அனுமதியைப் பொருள் புறப்படும் முன்பே வாங்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு விண்ணப்பிப்பது உதவாது.

7. இன்வாய்ஸை விற்பவரிடம் நீங்களே சொல்லி எழுத வையுங்கள்

ஐரோப்பியக் கூரியர் பார்சல்கள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் சுங்கத்தைக் கடந்து பிறகு டர்பனுக்கு வருகின்றன. அங்கே பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குக் கேஸ்கெட்டும் கிளட்ச் தட்டும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காகிதம்தான் அவரிடம் பேச வேண்டும். "மோட்டார் பாகங்கள்" என்று ஒரே வரியில் எழுதிய இன்வாய்ஸ் கேள்விகளை வரவழைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எண்ணிக்கை, விலை, செய்யப்பட்ட நாடு, "புதியது" என்ற சொல், சுங்க வகைப்பாட்டு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கான பொது எண் 8714.10. ஆனால் எல்லாமே அதில் அடங்குவதில்லை: எண்ணெய் ஃபில்ட்டர் 8421.23, ஸ்பார்க் பிளக் 8511.10, பால் பேரிங் 8482.10, மோட்டார் சைக்கிள் டயர் 4011.40. 8708 என்று எழுதினால் அது கார், லாரிப் பாகங்களுக்குரிய தலைப்பு. அதைத் திருத்தவே சில நாள் போகும்.

வரியை முன்கூட்டியே கணக்கிட்டுப் பணத்தைத் தயாராக வைத்திருங்கள். இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 விழுக்காடு. ஆனால் அது பொருளின் விலை மீது மட்டும் கணக்கிடப்படுவதில்லை. சுங்க மதிப்புடன் அதன் 10 விழுக்காட்டையும், சுங்க வரி ஏதும் இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகை மீது வாட் போடப்படும். 6,000 ராண்ட் மதிப்புள்ள பாகங்களுக்குச் சுங்க வரி இல்லை என்று வைத்துக்கொண்டால், 6,600 ராண்டுக்கு 15 விழுக்காடாக 990 ராண்ட் வாட் வரும். கூரியரின் கையாளல் கட்டணம் இதற்கு மேல். பணம் கட்டும்படி வரும் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டு, பார்சலை நாள்கணக்கில் கிடங்கில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டும் முன் அந்தச் செய்தி உண்மையானதா என்று பார்சல் எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏனெனில் இதே வடிவில் மோசடிச் செய்திகளும் வருகின்றன.

பாகம் ஐரோப்பிய ஒன்றியத்தில் செய்யப்பட்டதாக இருந்தால், 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் கீழ் வரிச் சலுகை கேட்கலாம். அதற்கு ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள மூலநாட்டு அறிவிப்பு வாசகம் இன்வாய்ஸிலேயே இருக்க வேண்டும். 6,000 யூரோவுக்கு உட்பட்ட சரக்கு என்றால் எந்த ஏற்றுமதியாளரும் அதை எழுதித் தரலாம். ஆனால் ஜப்பானில் செய்து இத்தாலியில் விற்ற பேரிங்குக்கு அது பொருந்தாது.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும், அன்பளிப்பு என்று குறிப்பிடச் சொல்வதும் கூடவே கூடாது. அது குற்றம். மேலும் பணம் செலுத்திய சான்றை அதிகாரி கேட்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் பார்சல் நின்றுவிடும். வழியில் பொருள் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும். இன்வாய்ஸ், பணம் செலுத்திய சான்று, அடையாள அட்டை நகல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, கேட்ட அன்றே அனுப்புங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரில் அல்லாமல், அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே ஆர்டர் செய்யுங்கள்.

8. காத்திருக்கும் வண்டியைக் கடற்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

டர்பனின் உப்பு கலந்த ஈரக்காற்றில் நிற்கும் வண்டிக்குப் பாகம் வரும் முன்பே புதிய குறைகள் தோன்றிவிடும். இரும்பு டேங்க் என்றால் பெட்ரோலை முழுவதும் நிரப்புங்கள். பாதி டேங்கில் ஈரம் படிந்து உள்ளே துரு பிடிக்கும். பேட்டரியைச் சார்ஜரில் வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடாமல், காற்றுப் புகும் துணியால் மூடுங்கள். திறந்திருக்கும் துளை எதையும் காகிதத்தால் அடைக்க வேண்டாம். பளிச்சென்ற நிறத் துணியால் அடைத்தால் பூட்டும்போது எடுக்க மறக்காது. காலிப்பர் கழற்றியிருந்தால் பிரேக் லீவரை டேப் போட்டு அசையாமல் வையுங்கள். யாராவது அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

9. பெட்டி வந்த அன்றே திறந்து ஒப்பிடுங்கள்

கூரியர்காரர் நிற்கும்போதே பெட்டியின் மூலைகளைப் படமெடுத்து, நசுங்கல் இருந்தால் அதைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு பையின் மேல் உள்ள எண்ணை ஆர்டருடன் ஒப்பிட்டு, பையைக் கிழிக்காமலே பாகத்தைப் பழையதன் அருகில் வைத்து அளவு பாருங்கள். பை பிரிந்துவிட்டால் திருப்பி எடுக்கப் பல விற்பனையாளர்கள் மறுப்பார்கள். எண் சரியாக இருந்தும் உள்ளே வேறு பொருள் இருப்பதுண்டு. அந்த வாரமே எழுதினால் மாற்றித் தருபவர்கள் இரண்டு மாதம் கழித்து எழுதினால் தயங்குவார்கள்.

எல்லாப் பாகங்களும் மேசை மேல் வந்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் குறி போட்ட பிறகு வண்டியைத் திறங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, பாக எண்ணும் வண்டி ஓடிய கிலோமீட்டரும் எழுதிய அட்டையைக் கட்டி எடுத்து வையுங்கள். அடுத்த முறை அளவு பார்க்கவும், உங்கள் மாடலையே வைத்திருக்கும் இன்னொருவர் தொலைபேசியில் கேட்கும்போது எடுத்து அளந்து சொல்லவும் அது பயன்படும்.